பிசின் ஏன் விட்டுப்போகிறது?

கேள்வி: மரத்தோடு வண்ண எபாக்சிப் பிசின் சேர்த்துக் கிண்ணம் கடைகிறேன். இரண்டும் சேரும் இடத்தில் பிளவு விழுகிறதே, ஏன்?
– வாசகர், ஜார்ஜ் டவுன், பினாங்கு

பதில்: பெரும்பாலும் மரத்தின் ஈரம்தான். பினாங்குக் காற்றில் சும்மா கிடக்கும் மரம் முழுசாகக் காயாது. எபாக்சி இறுகும்போது சூடேறும். மரத்திலுள்ள காற்றும் ஈரமும் குமிழாகக் கிளம்பி ஒட்டுதலைக் கெடுக்கும். சூளையில் உலர்த்திய ரப்பர் மரம் வாங்குங்கள். முதலில் எபாக்சியால் மெல்லிய பூச்சு. அது பிடித்தபின் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

பிசின் என்றால் எபாக்சி மட்டுமல்ல. தமிழ்நாட்டு அம்பாசமுத்திரத்தின் மரச் சொப்புச் சாமான் பார்த்திருப்பீர்கள். அந்த வண்ணம் அரக்கு. அதுவும் பிசின்தான், பூச்சி தருவது. மர பொம்மைக்குப் பேர்போன கர்நாடகத்துச் சென்னபட்டணத்திலும் இதே அரக்குதான்: கடைசலில் சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராய்வுச் சூட்டில் உருகிப் படியும். தாழை மடலால் தேய்த்தால் மினுமினுக்கும். அழகு, ஆனால் மேற்பூச்சுக்கு மட்டுமே. பள்ளத்தை நிரப்ப எபாக்சிதான். கடையும்போது முகமூடியை மறக்காதீர்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.