கடன் கொப்பியிலிருந்து கணினிக்கு: எந்த மென்பொருள் பொருத்தம்?

தவணை குறித்த கடனை எழுதி வைக்குமாறு சூரா அல்பகராவின் 282ஆவது வசனம் பணிக்கின்றது. இன்று பல கடைகளில் அந்த எழுத்து கணினிக்குள் இருக்கின்றது. அதனைக் கையாளும் மென்பொருளைச் சரியாகத் தெரிவு செய்வதும் அமானிதத்தைப் பேணுவதன் ஒரு பகுதியே.

எக்செல் தாளில் ஒவ்வொரு விற்பனையோடும் வாடிக்கையாளரின் பெயரைத் திரும்பத் திரும்ப எழுதுகின்றோம். ஓர் எழுத்து பிழைத்தால் ஒருவரது கடன் இரண்டு பெயர்களில் பிரிந்துவிடும். 1970இல் எட்கர் கொட் முன்வைத்த தொடர்புசார் தரவுத்தள முறையில் வாடிக்கையாளர் ஓர் அட்டவணையில் ஒரு முறை மாத்திரமே பதியப்படுவார். விற்பனை அட்டவணை அவரது இலக்கத்தின் மூலம் அவருடன் இணையும்.

தெரிவின்போது மூன்று விடயங்களைக் கவனியுங்கள்.

1. தரவு எதில் உள்ளது? மைஎஸ்கியூஎல் வேர்க்பெஞ்ச், மைஎஸ்கியூஎல்லுக்கென அமைந்தது. டிபீவரின் சமூகப் பதிப்பும் ஹெய்டிஎஸ்கியூஎல்லும் பல வகைத் தரவுத்தளங்களுடன் இயங்கும், இரண்டும் இலவசம்.

2. எவ்வளவு தரவு, எத்தனை பேர்? மைக்ரோசொப்ட் அக்சஸ் கோப்பின் உச்ச அளவு 2 ஜிகாபைட். சிறிய கடையொன்றுக்கு அது போதும். கிளைகள் பலவெனில் மைஎஸ்கியூஎல் போன்ற சேவையகத் தரவுத்தளமே பொருத்தம்.

3. யாருக்கு என்ன அனுமதி? நிபந்தனை குறிப்பிடாத ஒரேயொரு அழித்தல் கட்டளை முழு அட்டவணையையும் வெறுமையாக்கிவிடும். எனவே அறிக்கை மாத்திரம் பார்ப்பவருக்கு வாசிப்பு அனுமதியே போதும்.

பணம் செலுத்த முன்னர் தரவின் பிரதியொன்றை எடுத்து, வேறொரு கணினியில் மீளத் திறந்து பாருங்கள். திறக்க முடியாத பிரதி கடன் கொடுத்தவருக்கும் சாட்சியாகாது, கடன்பட்டவருக்கும் சாட்சியாகாது.