தடை யாருக்கு?

அன்புள்ள மாணவிக்கு,

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரப் பிளவக்கல்லில் கோவிலாற்றங்கரை அத்தி மரங்களும் அதே காட்டின் சாம்பல் நிற மலை அணில்களும் அடுத்தடுத்து வாழ்வதால், அவற்றின் மரபணு வேறுபாடும் ஒரே விதமாக அமையும் என்ற எண்ணம், மலையைத் தடை என்றும் சமவெளியை வழி என்றும் எழுதும் பாடநூல்களிலிருந்து வந்ததாகும். இது முழுத் தவறு. இன்னும் அச்சேறி வருவது பொறுக்கத்தக்கதன்று.

செங்கோட்டைக் கணவாயின் இருபுறமும் உயர்மலைச் சோலைகளில் வாழும் சோலிகோலா என்னும் சிறு பறவைக்கு மலைதான் வீடு, தாழ்ந்த கணவாய்தான் தடை. ராபினும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் தெற்கிலுள்ளதைத் தனி இனமாகவே பெயரிட்டனர். மலை அணிலுக்கோ மரக்கிளைகள் கோத்து நிற்க வேண்டும். செண்பகத்தோப்பை ஒட்டிய மாந்தோப்புகளுக்கும் காட்டுக்கும் இடையே மரங்கள் வெட்டப்பட்டால், சில நூறு அடி வெட்டவெளியே மரபணுப் பரிமாற்றத்தை, அதாவது ஒரு கூட்டத்தின் மரபணுக்கள் இனப்பெருக்கத்தின் வழி மற்றொரு கூட்டத்தில் சேர்வதை, குறைத்துவிடக்கூடும்.

அத்தியின் கதை இவ்விரண்டிலும் சேராது. ஊன்றிப் படிக்க வேண்டியதும் அதுவே. அத்திக்காயின் நுனியிலுள்ள சிறு துளை வழியே இறகு முறிய நுழையும் பெண் குளவி, உள்ளிருக்கும் பூக்களில் மகரந்தம் சேர்த்து, முட்டையிட்டு, அங்கேயே இறக்கிறது. அதன் இறகில்லாத ஆண் குஞ்சுகள் காயின் சுவரைத் துளைத்துத் தர, பெண் குஞ்சுகள் புது மகரந்தத்துடன் வெளியேறுகின்றன. ஒரு மரத்தின் காய்கள் பெரும்பாலும் ஒன்றாகவே முதிர்வதால் வெளியேறும் பெண் குளவிக்குத் தாய்மரத்தில் இடமில்லை, வாழ்நாளோ ஓரிரு நாள், ஆகவே அது காட்டுக்கு மேலே எழும் காற்றில் ஏறி வேறொரு மரத்தைத் தேடியாக வேண்டும். நமீபியப் பாலைவனத்தின் உகாப் ஆற்றோரத்தில், அத்திக்கு நெருங்கிய உறவான மரத்தின் நாற்றுகளுக்குத் தந்தை மரம் எதுவென மரபணு வழி தேடியபோது, மகரந்தம் 160 கி.மீ. வரை பயணித்திருந்தது 2009இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. ஓரிரு மில்லிமீட்டர் நீளப் பூச்சி செய்த வேலை அது!

இத்துடன் அத்தி முடிந்துவிடவில்லை. பசுங்கணிகங்களின் மரபணு தாய்மரத்திலிருந்து விதை வழியாகவே பெரும்பாலும் வருகிறது. விதையைச் சுமப்பவை இருவாச்சி, குக்குறுவான், வௌவால், மரநாய் ஆகியவை. உட்கரு மரபணுவோ மகரந்தம் வழியாகவும் வருகிறது. எனவே ஒரே மரத்தின் உட்கரு மரபணு பெரும்பாலும் குளவியும் காற்றும் சென்ற தொலைவையும், பசுங்கணிக மரபணு பறவையும் விலங்கும் சென்ற தொலைவையும் காட்டும். இருவாச்சி அருகிப்போன காட்டில் முதலாவது மாறாதிருக்க, இரண்டாவது சிறு சிறு திட்டுகளாகப் பிரியலாம். நிலத்தின் தடை என்பது துணையுயிர்களைச் சேர்த்தே அளக்க வேண்டியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஆய்வைத் தொடங்குவோர், வனத்துறை அனுமதியுடன், கோவிலாற்றின் மேலும் கீழும் உள்ள அத்தி மரங்களின் இலைகளைச் சேகரித்து இரு வகை மரபணுக்களையும் தனித்தனியே ஒப்பிடலாம். அணிலின் உதிர்ந்த முடியைத் தேடுவது அதற்கு அடுத்த வேலை.

அன்புடன்,
ஆசிரியர்