மோட்டார் மாற்றுமுன் சுற்று வேகத்தைப் பாருங்கள்

திருப்பூர், பல்லடம், அவினாசி வட்டாரங்களில் கிணற்று மோட்டார் பழுதாகி, புதியது வாங்கக் கைப்பணம் போதாத விவசாயி பழைய மோட்டார் தேடிப் போவதுண்டு. நூற்பாலையிலும் சாயப்பட்டறையிலும் ஓடிக் கழித்த மோட்டார்கள் மலிவாகக் கிடைக்கும். "5 குதிரைச் சக்தி இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டு வண்டியில் ஏற்றி வந்துவிடுவார். அதே தகட்டில், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று பொறித்திருப்பதைப் பார்ப்பதில்லை. பின்னால் வரும் தொல்லைகளில் பல அந்த எண்ணில்தான் இருக்கின்றன.

குதிரைச் சக்தி ஒன்றாக இருந்தாலும் மோட்டார்களின் வேகம் ஒன்றல்ல. நமது 50 சைக்கிள் மின்சாரத்தில் சில மோட்டார்கள் சுமார் 2880 சுற்றும், சில 1440 சுற்றும், வேறு சில 960 சுற்றும் ஓடும். பம்பும் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கென்றே செய்யப்பட்டது. வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீர் இரண்டு மடங்காகும். ஏற்றும் உயரம் நான்கு மடங்காகும். அதற்கு வேண்டிய சக்தியோ எட்டு மடங்காகும்.

1440 சுற்றில் 60 அடி உயரம் ஏற்றும் பம்பு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 960 சுற்று மோட்டாரை நேராக இணைத்தால் ஏற்றும் உயரம் 27 அடிக்குக் குறைந்துவிடும். தண்ணீர் 50 அடி ஏற வேண்டிய கிணற்றில் மோட்டார் நாளெல்லாம் ஓடினாலும் வாய்க்காலில் ஒரு சொட்டு விழாது. புட்வால்வைக் கழற்றிப் பார்ப்பதும், பைப்பில் காற்று இழுக்கிறதென்று சணல் சுற்றுவதும் வீண் வேலை. அதே பம்பில் 2880 சுற்று மோட்டாரை மாட்டினாலோ, 5 குதிரைச் சக்தி கேட்ட பம்பு 40 கேட்கும். காயில் கருகுவதற்கு அதிக நேரம் பிடிக்காது. மின்சாரம் இலவசம்தான், காயில் கட்டுவது இலவசமல்ல.

கடலோரத்தில் பழைய படகுக்குப் புது என்ஜின் வைப்பவர்கள், கியர் பெட்டியின் விகிதத்தையும் நீருக்குள் சுழலும் விசிறியின் அளவையும் சேர்த்தே பார்க்கிறார்கள். தோட்டத்துப் பம்பில் கியரின் இடத்தில் புல்லியும், விசிறியின் இடத்தில் இம்பெல்லரும் இருக்கின்றன.

பெல்ட்டில் ஓடும் பம்பு என்றால் வேகம் மாறிய மோட்டாரையும் பயன்படுத்த வழியுண்டு. மோட்டாரின் சுற்றை மோட்டார் புல்லியின் விட்டத்தால் பெருக்கி, பம்பு புல்லியின் விட்டத்தால் வகுத்தால் பம்பின் சுற்று கிடைக்கும். 960 சுற்று மோட்டாரில் 9 அங்குலப் புல்லியும் பம்பில் 6 அங்குலப் புல்லியும் போட்டால் 1440 வரும். தட்டை பெல்ட் சற்று வழுக்குவதால் உண்மையில் கொஞ்சம் குறைவாகவே ஓடும். மிகச் சிறிய புல்லி கூடாது. பெல்ட் பிடிமானம் இல்லாமல் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

ஆயில் என்ஜினுக்கும் இதே கணக்குதான். 650 சுற்று ஓடும் பழைய என்ஜினில் 12 அங்குலமும் பம்பில் 5 அங்குலமும் புல்லி இருந்தால் கணக்குப்படி 1560 சுற்று. அதை எடுத்துவிட்டு, 6 அங்குலப் புல்லியுள்ள 1500 சுற்று என்ஜினை வைத்து, பம்பின் 5 அங்குலப் புல்லியை அப்படியே விட்டால் 1800 ஆகிவிடும். வேகம் கூடியது கொஞ்சம்தான் என்று தோன்றும். ஆனால் சுமை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. என்ஜின் கரும்புகை கக்கினால் நாசிலைக் குறை சொல்லும் முன் புல்லியை அளந்து பாருங்கள். பம்பிலும் 6 அங்குலப் புல்லி போட்டாலே போதும்.

மோனோபிளாக்கில் புல்லி கிடையாது. அங்கே இம்பெல்லரின் விட்டம்தான் கணக்கு. சுமை அதிகமென்றால் லேத் பட்டறையில் இம்பெல்லரின் ஓரத்தைக் கடைந்து குறைக்கலாம். ஆனால் கடைந்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. பம்பு செய்த கம்பெனியைக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கடைவதே நல்லது.

எந்த மோட்டார் வைத்தாலும், முதலில் ஓட்டும் அன்றே எலக்ட்ரீஷியனை அழைத்து டாங் டெஸ்டரில் ஆம்பியர் பார்த்துவிட வேண்டும். 5 குதிரைச் சக்தி மூன்று பேஸ் மோட்டாருக்கு ஏறத்தாழ ஏழரை ஆம்பியர். சரியான அளவு தகட்டில் இருக்கும். அதைத் தாண்டினால் ஓட்டக்கூடாது. சுழலும் திசையும் பம்பில் குறித்துள்ள அம்புக்குறிப்படி இருக்க வேண்டும். தலைகீழாகச் சுற்றினாலும் கொஞ்சம் தண்ணீர் வரும். அதனால்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். மூன்று வயர்களில் இரண்டை மாற்றிக் கொடுத்தால் திசை திரும்பிவிடும். அனுமதி பெற்றதற்கு மேற்பட்ட குதிரைச் சக்தி என்றால் மின் வாரிய அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. ஐப்பசி மழையில் கிணறு நிறைந்தால் மோட்டாருக்கு வேலை குறைவு என்றே நினைப்பார்கள். சாதாரணமான கிணற்றுப் பம்பில் நடப்பது நேர்மாறு. ஏற்ற வேண்டிய உயரம் குறைந்தால் தண்ணீர் அதிகமாகக் கொட்டும். மோட்டார் இழுக்கும் ஆம்பியரும் ஏறும். ஆழத்துக்கென்று வாங்கிய பம்பில் இது இன்னும் அதிகம். கோடை முழுவதும் ஓடிய மோட்டார் மழைக்குப் பிறகு எரிந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம். டெலிவரி பைப்பில் ஒரு கேட் வால்வு பொருத்தி, ஆம்பியர் தகட்டு அளவுக்கு இறங்கும்வரை அதைச் சிறிது மூடி ஓட்டலாம். மாசியில் நீர்மட்டம் இறங்கியதும் வால்வை முழுவதும் திறந்துவிட வேண்டும்.