பால்கனியில் ஒரு பச்சைக்கிளி

அன்புள்ள சகோதரிக்கு,

பிள்ளைகளோடு திலக் நகரில் ரயிலேறி, குர்லாவில் மாறி, பைகுல்லா ராணி பாக் மிருகக்காட்சிசாலைக்குப் போய்வந்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பென்குயின்களைப் பார்க்க மனசு கேட்கவில்லை, மிருகக்காட்சிசாலைகளையே இழுத்து மூட வேண்டும் என்கிறீர்கள். உங்கள் கோபம் நியாயமானது. 2016-ல் சியோலிலிருந்து 8 ஹம்போல்ட் பென்குயின்கள் அங்கே வந்தன. மூன்று மாதத்திற்குள் ஒன்று இறந்தது. மும்பையே கொதித்தது. ஆனாலும் மூடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடத்தலில் மீட்கப்படும் உயிர்களில் காட்டுக்குத் திரும்ப முடியாதவை பல. அவற்றுக்கும் ஓர் இடம் வேண்டுமே.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்திதான் என்னை எழுத வைத்தது. பால்கனிக் கூண்டில் மிட்டு என்றொரு பச்சைக்கிளி இருக்கிறது, பிள்ளைகள் அதற்கு மிளகாய் ஊட்டுகிறார்கள் என்று பிரியமாக எழுதியிருக்கிறீர்கள்.

சகோதரி, நம் ஊர்ப் பச்சைக்கிளி லவ் பேர்ட்ஸ் போலப் பண்ணையில் பெருகி விற்பனைக்கு வருவதில்லை. இறகுகூட முளைக்காத குஞ்சை மரப்பொந்துக்குள் கைவிட்டு எடுக்கிறார்கள். வளர்ந்ததை வலைபோட்டோ பசை தடவியோ பிடிக்கிறார்கள். இறக்கையை நறுக்கி, மூச்சுவிட இடமில்லாத கூடைகளில் திணித்து, ஊர்விட்டு ஊர் கடத்துகிறார்கள். வழியிலேயே செத்துப்போகிறவை எத்தனையோ. பிழைத்ததில் ஒன்றுதான் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பது மட்டுமல்ல, வாங்குவதும் வளர்ப்பதும் குற்றம். 3 ஆண்டு வரை சிறை உண்டு.

2024 ஏப்ரலில் கடலூரில், வேட்பாளர் ஒருவர் ஜெயிப்பார் என்று சீட்டெடுத்த கிளி ஜோசியரை வனத்துறை இந்தச் சட்டப்படிதான் பிடித்தது. அரசியல் பழிவாங்கல் என்றுதான் ஊரெல்லாம் பேச்சு. பறிமுதலான கிளிகளைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

2025 ஜூனில் நம் மும்பை விமான நிலையத்தில், தாய்லாந்திலிருந்து வந்த ஒருவரின் பெட்டியில் 47 விஷப் பாம்புகளும் 5 ஆமைகளும் சிக்கின. அந்தப் பெட்டியைத் தூக்கிவந்தவரைத் திட்டுவது சுலபம். காசு கொடுத்து வாங்க இங்கே ஆள் இருப்பதால்தான் அது விமானம் ஏறியது. கிளியும் அப்படித்தான். வாங்குகிறவர்கள் நிறுத்தினால் பொந்தில் கைவிட ஆளிருக்காது.

ஆண்டாள் கையிலேயே கிளி இருக்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தக் கிளியைத் தினமும் புதிதாகக் கட்டுகிறார்கள். உடம்புக்கு மரவள்ளி இலை, மூக்குக்கு மாதுளம்பூ. உயிருள்ள கிளி எதுவும் அங்கே தேவைப்படவில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இதைப் படித்த வேகத்தில் கூண்டைத் திறந்துவிடாதீர்கள். மனிதக் கையில் வளர்ந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது. காக்கையும் பூனையும் விட்டுவைக்காது. மகாராஷ்டிர வனத்துறையின் 1926 எண்ணுக்குப் போன் செய்து ஒப்படையுங்கள். பிள்ளைகள் அழுவார்கள். அவர்களைப் பக்கத்தில் உட்கார்த்தி, மிட்டு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட்டே போன் செய்யுங்கள். இந்த வாரமே செய்யுங்கள்.

அன்புடன்,
உங்கள் சகோதரன்