கார் ஏ.சி-யில் அனல் அடிக்குதா? கேஸ் அடிக்கும் முன் இதையெல்லாம் பாருங்க!

சித்திரை மாதம், மதியம் இரண்டு மணி. திருச்சியிலிருந்து மதுரைக்கு காரில் கிளம்பிய என் தங்கை, துவரங்குறிச்சி தாண்டி ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு போன் செய்தாள். “அக்கா, ஏ.சி-ல அனலா அடிக்குது. பாப்பா முகமெல்லாம் செவந்துபோச்சு. பக்கத்து ஒர்க்‌ஷாப்ல கேஸ் தீர்ந்துடுச்சு, அடிச்சுடலாம்னு சொல்றாங்க. சரின்னு சொல்லிடவா?”

“வண்டி ஓடும்போதும் அனல்தானா?” என்று கேட்டேன்.

“இல்லக்கா, ஓடுறப்ப ஜில்லுனுதான் இருந்துச்சு. டோல்கேட்ல வரிசையில நிக்கிறப்பதான் ஆரம்பிச்சுது.”

“அப்ப கேஸ் வேண்டாம். ஏ.சி-யைப் போட்டா முன்னாடி ஃபேன் சுத்துதான்னு பார்க்கச் சொல்லு.”

சுற்றவில்லை. ஃபேனுக்குப் போகும் ஒயரை எலி கடித்திருந்தது. ஒயரைச் சரிசெய்து புது ஃபியூஸ் போட்டதும் ஏ.சி பழையபடி குளிர்ந்தது.

தங்கைகளே, ஏ.சி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. கம்ப்ரஸர் அதை அழுத்தும். வண்டியின் முன்னால், ரேடியேட்டரை ஒட்டி நிற்கும் கண்டென்சரில் அது சூட்டை வெளியே விட்டுத் திரவமாகும். டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் மறுபடி ஆவியாகும்போது, காருக்குள் இருக்கும் சூட்டை இழுத்துக்கொள்ளும். இந்தச் சுற்றில் எங்கே தடங்கல் வந்தாலும் அனல்தான். எங்கே என்று கண்டுபிடிக்க, நாமே பார்க்கக்கூடியவை நிறைய இருக்கின்றன.

1. முதலில் பட்டன்கள்

ஏ.சி விளக்கு எரிகிறதா, டெம்பரேச்சர் குமிழ் முழுக்க நீலப் பக்கம் இருக்கிறதா, உள்காற்றையே சுழற்றும் பட்டன் போட்டிருக்கிறதா என்று பாருங்க. வெளிக்காற்றுக்கு மாறியிருந்தால், கத்திரி வெயிலின் சூட்டை ஏ.சி ஓயாமல் குளிர்விக்க வேண்டியிருக்கும். குமிழ் நீலத்தில் இருந்தும் சூடாகவே வந்தால், ஹீட்டர் காற்றை அடைக்கும் உள் மூடி சிக்கியிருக்கலாம். மெக்கானிக்கிடம் இதைக் குறிப்பாகச் சொல்லுங்க.

2. குளிர் குறைவா, காற்று குறைவா?

இரண்டும் வேறு வேறு. ப்ளோயரை முழு வேகத்தில் வைத்தும் காற்று மெல்ல வந்தால், ஏ.சி ஃபில்டரில் தூசி அடைத்திருக்கும். பல கார்களில் இது குளோவ் பாக்ஸுக்குப் பின்னால்தான் இருக்கிறது, கையாலேயே கழற்றிவிடலாம். பொதுவாக 10,000 முதல் 15,000 கி.மீ-க்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. மண்ரோட்டில் அதிகம் ஓட்டுபவர்கள் அதற்கு முன்பே மாற்றிவிடுங்க.

3. நின்றால் அனல், ஓடினால் ஜில்

என் தங்கைக்கு வந்தது இதுதான். ஓடும்போது எதிர்க்காற்றே கண்டென்சரைக் குளிரவைத்துவிடும். நிற்கும்போது ஃபேன் வேண்டும். ஏ.சி போட்ட கொஞ்ச நேரத்தில் ஃபேன் சுற்றும் சத்தம் கேட்க வேண்டும். அது எப்போது வேண்டுமானாலும் சுற்றத் தொடங்கும் என்பதால் கையை அருகில் கொண்டுபோகாதீங்க. ஃபியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸைத்தான் போட வேண்டும். கம்பியைச் சுற்றி ஒப்பேற்றினால் ஒயர் தீப்பிடிக்கும்.

4. கண்டென்சரைக் கழுவுங்க

கிரில் வழியாக எட்டிப் பாருங்க. பூச்சி, சருகு, சேறு, சில சமயம் பாலித்தீன் பைகூட ஒட்டியிருக்கும். இன்ஜின் ஆறியபின், சாதாரண ஓஸில் மெதுவாகத் தண்ணீர் விட்டாலே போதும். பிரஷர் வாட்டரை நேராக அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, காற்று போக வழி இல்லாமல் போகும்.

5. ‘டிக்’ சத்தம் கேளுங்க

ஏ.சி பட்டனை அழுத்தியதும் பானெட் பக்கம் ‘டிக்’ என்று கேட்டு, இன்ஜின் சத்தம் லேசாக மாறினால் கம்ப்ரஸர் கிளட்ச் பிடிக்கிறது என்று அர்த்தம். எந்த மாற்றமும் இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, கிளட்ச் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்க. கேஸ் மிகவும் குறைந்தாலும் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரை ஓடவிடாது. சில புது வண்டிகளில் கிளட்சே இல்லாததால் இந்தச் சத்தம் வராது.

6. முதலில் ஜில், போகப் போக காற்றே இல்லை

கூலிங் காயிலில் பனி கட்டியிருக்கலாம். ஏ.சி-யை அணைத்து, ப்ளோயரை மட்டும் பத்து நிமிடம் ஓடவிடுங்க. சரியாகி, மறுபடி அப்படியே ஆனால் ஃபில்டரையும் காயில் சென்சாரையும் பார்க்க வேண்டும்.

7. இன்ஜின் சூட்டு முள்

முள் மேலே ஏறினால் ஏ.சி-யை உடனே அணைத்து, வண்டியை ஓரமாக நிறுத்துங்க. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பீறிடும்.

8. கேஸ்தான் குறைவென்றால்...

ஒரு கோடையில் நான் மூன்று முறை கேஸ் அடித்தேன். ஒவ்வொரு முறையும் சில வாரங்கள் குளிர்ந்து, மறுபடி அனல். நான்காவதாகப் பார்த்த மெக்கானிக்தான் குழாய் இணைப்பில் எண்ணெய்க் கசிவும் அதில் ஒட்டிய தூசியும் இருப்பதைக் காட்டினார். உள்ளே இருந்த சின்ன ரப்பர் வளையம் காய்ந்துபோயிருந்தது. அதை மாற்றியபின் கேஸ் குறையவே இல்லை. அதனால் இந்த நான்கையும் கேட்காமல் பணம் கொடுக்காதீங்க:

* லீக் எங்கே என்று கண்டுபிடித்தீர்களா?
* சரிசெய்தபின் வேக்யூம் போட்டு, அது இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்தீர்களா?
* பானெட்டுக்குள் இருக்கும் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அதே வகை கேஸா? (ஆர்-134ஏ, அல்லது சில புது கார்களில் ஆர்-1234ஒய்எஃப்.)
* எத்தனை கிராம் ஏற்றினீர்கள்? சின்ன கார்களுக்குப் பெரும்பாலும் அரை கிலோவுக்குள்தான் பிடிக்கும். அதிகமாக ஏற்றினாலும் குளிர் குறையும்.

ஏ.சி குழாயை வீட்டில் யாரும் கழற்ற வேண்டாம். சீறி வரும் கேஸ் தோலையும் கண்ணையும் உறையவைத்துவிடும்.

ஏ.சி ரிப்பேர் என்றாலும், இல்லையென்றாலும்

வெயிலில் நின்ற காரில் ஏறியதும் கண்ணாடிகளை இறக்கி, ஒன்றிரண்டு நிமிடம் ஓட்டி சூட்டை வெளியேற்றிவிட்டு ஏ.சி போடுங்க. காருக்கு அடியில் தண்ணீர் சொட்டினால் பயப்படாதீங்க, அது காற்றிலிருந்த ஈரம். கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் தேங்கினால்தான் வடிகுழாய் அடைத்திருக்கிறது. குழந்தையை நிறுத்திய காரில் ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதீங்க. கண்ணாடியை ஏற்றி, ஏ.சி-யை ஓடவிட்டுத் தூங்கவும் கூடாது. புகையிலிருக்கும் கார்பன் மோனாக்ஸைடு உள்ளே வந்தால் வாசனைகூடத் தெரியாது.

ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் முன் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்க: அனல் எப்போது வருகிறது, காற்றின் வேகம் எப்படி, ஃபேன் சுற்றுகிறதா. அன்று புளியமரத்தடியில் என் தங்கைக்குக் கைகொடுத்தது, “டோல்கேட்ல நிக்கிறப்பதான்” என்று அவள் கவனித்து வைத்திருந்த அந்த ஒரு விஷயம்தான்.