எத்தனை மணிக்கு? எங்கே? யாரோடு?



போன வருஷம் குடும்பத்தோடு நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலுக்குப் போனோம். குறிகட்டுவான் துறையில் படகுக்குக் காத்திருந்தபோது ஊர்காவற்றுறை ஐயா ஒருவர் பேச்சுக் கொடுத்தார். சீனி வருத்தக்காரர்.

"தம்பி, 1990இல ஊரைவிட்டு வெளிக்கிட்டு யாழ்ப்பாணத்தில இருந்தம். பெற்றோல் இல்லை. எங்க போனாலும் சைக்கிள்தான். இப்ப சந்திக்கடைக்கும் மோட்டார் சைக்கிள். கிளினிக்கில நடவுங்கோ எண்டு சொன்னா, ஓம் எண்டு தலையாட்டிப்போட்டு வந்திடுவன். பிறகு வந்த மிஸ் அப்பிடி விடேல்லை. எத்தினை மணிக்கு, எங்க, ஆரோட எண்டு கேட்டு என்ர கொப்பியில எழுதிவிட்டா. அடுத்த மாசமும் அதையே கேட்டா. வெக்கத்தில நடக்கத் தொடங்கினன்!"

அந்த மூன்று கேள்விதான் இன்றைய பாடம்.

ஏன் நடக்க வேண்டும்?

நெடுந்தீவிலும் நயினாதீவிலும் அரசாங்க ஆஸ்பத்திரி உண்டு. ஆனாலும் வருத்தம் கடுமையானால் கடல் தாண்டி யாழ்ப்பாணம் போக வேண்டும். ராத்திரி நெஞ்சு வலித்தால் அவர்களுக்குப் படகு, நமக்கு மலை இறங்க லொறி. ஆஸ்பத்திரி தூரமாக இருப்பவர்கள்தான் வருமுன் காக்க வேண்டும். உடல் அசைந்தால் பிரஷர், சீனி, மாரடைப்பு ஆபத்து குறையும்.

யாருக்கு இந்தப் பாடம்?

"நாள் முழுக்க மலை ஏறி கொழுந்து எடுக்கிறோம், இதுக்கு மேலயா?" என்று அக்காமார் கேட்பது நியாயம். அவர்களுக்கு வேண்டியது ஓய்வும் முதுகை நிமிர்த்தி நீட்டுவதும்தான். இது பென்சன் எடுத்து லயத்து வாசலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு, கொழும்புக் கடையில் வேலை செய்பவர்களுக்கு, என்னைப்போல ஆபீசில் இருப்பவர்களுக்கு.

எவ்வளவு?

உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன கணக்கு: பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம். நாளுக்கு அரை மணி வீதம் ஐந்து நாள். பேச முடியும், பாட முடியாது என்ற அளவு வேகம் போதும். ஐந்து ஐந்து நிமிடமாக நடந்தாலும் கணக்கில் சேரும்.

எப்படித் தொடங்குவது?

1. நேரம்: தினமும் செய்யும் ஒரு வேலையோடு சேர்த்து விடுங்கள். "தேத்தண்ணி குடித்த கையோடு" என்பதுபோல.
2. இடம்: பிள்ளைக்காம்பராவிலிருந்து கோயில் வரை என்று எல்லை வையுங்கள்.
3. துணை: பக்கத்துக் காம்பராவில் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நடந்த நாளைக் கலண்டரில் கோடு போடுங்கள்.

நெஞ்சு வலி, மயக்கம், கடும் மூச்சுவாங்கல் வந்தால் உடனே நின்று வைத்திய உதவி தேடுங்கள். சீனி உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். நடக்கிறோம் என்று மருந்தை நிறுத்தவும் கூடாது.

அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 2011 முதல் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் தொடங்கப்பட்டன. 35 வயது தாண்டியவர்கள் அங்கே பிரஷர், சீனி, எடை இலவசமாகப் பார்க்கலாம்.

எனக்கும் பிரஷர் உண்டு. ஒன்றரைக் கட்டை தூரத்து ஆபீசுக்கு ஆட்டோவில் போனவன், இப்போது காலையில் மகனோடு நடக்கிறேன். சில நாள் தவறும். மறுநாள் மகன் விடமாட்டான்.

இன்றிரவு வீட்டில் ஒருவரை ஒருவர் கேளுங்கள்: எத்தனை மணிக்கு? எங்கே? யாரோடு?