மாரிகாலத்தில் உலாவுதல்

வேதபாடம்
வாசிக்க: யோவான் 10:22-23, அப்போஸ்தலர் 3:1-11



ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகைக் குளிர் தொடங்கும்போது தர்மபுரிச் சீமைக்குத் தனி அழகு வந்துவிடுகிறது. மருத்துவமனையின் கிராம ஊழியக் குழுவோடு பாப்பாரப்பட்டிப் பக்கம் போகும் நாட்களில், வேலை தொடங்குமுன் வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு அரைமணி நேரம் நடப்பது எங்கள் வழக்கம். அறுத்த கேழ்வரகுக் கதிர் களத்தில் குவிந்திருக்கும். தாள் நிற்கும் கொல்லையில் அவரை பூத்திருக்கும். கொள்ளுக் கொடியின்மேல் பனி முத்துமுத்தாய் நிற்கும். மார்கழி முடியும் சமயம் மாந்தோப்புகளில் பூவாசனை வரும். புளியமரங்களில் காய் தொங்கும். வெயில் ஏறினாலும் சுடாத நாட்கள் இவை. வருஷத்தில் நடப்பதற்கென்றே தேவன் தந்த மாதங்கள் என்று சொல்லலாம்.

இந்த இன்பத்துக்குப் பணம் வேண்டியதில்லை. கால்கள் வேண்டும். அது எவ்வளவு பெரிய ஈவு என்பதை இந்தப் பாடத்தில் தியானிப்போம்.

1. ஆண்டவரும் உலாவினார்

யோவான் ஒரு சிறு குறிப்பு எழுதுகிறார். தேவாலயப் பிரதிஷ்டைப் பண்டிகை நாட்களில், குளிர்காலத்தில், இயேசு சாலொமோனுடைய மண்டபத்தில் உலாவினார் என்கிறார். அந்தப் பண்டிகை யூதரின் கிஸ்லேவு மாதம் 25-ஆம் நாள் தொடங்கும்; நம் கார்த்திகை, மார்கழியை ஒட்டி வரும். பாலஸ்தீனத்தில் குளிரும் மழையும் சேர்ந்தே வருவதால், நம் தமிழ் வேதாகமம் அதை "மாரிகாலம்" என்று அழகாகச் சொல்கிறது. தேவாலயத்தின் கிழக்குப் புறத்தில் கூரையோடு இருந்த அந்த மண்டபம் மழைக்கும் காற்றுக்கும் ஒதுங்க ஏற்ற இடம்.

"உலாவுதல்" என்ற இதே சொல்லை ஏதேன் தோட்டத்தில் குளிர்ச்சியான வேளையில் நடந்த தேவனைப் பற்றியும் வாசிக்கிறோம் (ஆதியாகமம் 3:8). ஈசாக்கு சாயங்காலத்தில் தியானிக்க வயல்வெளிக்குப் போனான் (ஆதியாகமம் 24:63). ஆகவே குளிர்ந்த வேளையில் வெளியே நடப்பதை வீண்பொழுது என்று யாரும் எண்ண வேண்டாம். கண் பார்க்க, வாய் துதிக்க, மனம் அமர அது ஒரு வழி. எம்மாவூருக்குப் போன இருவரைப்போலத் துணையோடு நடந்தால் இன்னும் நல்லது.

2. அதே மண்டபத்தில் வேறொருவன்

அப்போஸ்தலர் 3-ஆம் அதிகாரத்தில் அதே சாலொமோன் மண்டபம் மறுபடியும் வருகிறது. பிறவிச் சப்பாணி ஒருவன், நாற்பது வயதுக்கு மேற்பட்டவன், முதன்முறையாகத் தன் கால்களால் நடந்து, பேதுருவையும் யோவானையும் பிடித்துக்கொண்டு அங்கே நிற்கிறான். அன்றுவரை தினமும் அவனை யாரோ சுமந்து வந்து அலங்கார வாசலில் வைத்தார்கள். போட்டவர்கள் பிச்சை போட்டார்கள். அந்தப் பிச்சை அவனுக்குச் சோறு கொடுத்தது. ஆனால் அவனை வாசலிலேயே வைத்திருந்தது. பேதுருவோ கைகொடுத்து எழுப்பினார். மாரிகாலத்தில் ஆண்டவர் உலாவிய இடத்தில் இப்போது அவனும் உலாவலாம்.

3. பாப்பாரப்பட்டியில் ஓய்ந்த கால்கள்

பாப்பாரப்பட்டிக்குப் போகிறவர்கள் தியாகி சுப்பிரமணிய சிவாவின் நினைவிடத்தைப் பார்க்காமல் வருவதில்லை. 1884-ல் வத்தலக்குண்டில் பிறந்த அவர், 1908-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளையோடு கைதானார். சிறையிலேயே அவருக்குத் தொழுநோய் கண்டது. 1912-ல் விடுதலையானார். நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏற அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. அதனால் நடந்தும் மாட்டுவண்டியிலும் ஊர் ஊராய்ச் சென்று பேசினார். இந்த ஊரிலே ஆசிரமம் அமைத்து, 1925 ஜூலை 23-ஆம் தேதி, நாற்பதாம் வயதில் இங்கேயே கண்மூடினார்.

அவருடைய வழிபாடு வேறு, நம்முடையது வேறு. ஆயினும் புண்ணான உடம்போடு அவர் நடந்த தூரத்தை எண்ணும்போது நம் தலை தாழ்கிறது. அந்நாளில் இந்நோயைக் குணமாக்கும் மருந்து இல்லை. இன்று நிலைமை வேறு. உலக சுகாதார நிறுவனம் 1982 முதல் பரிந்துரைத்த கூட்டுமருந்துச் சிகிச்சையை ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ ஒழுங்காக எடுத்தால் நோய் குணமாகிறது. மருந்து இலவசமாகவே கிடைக்கிறது.

4. வலி என்னும் ஈவு

நோய் குணமானாலும், சிகிச்சைக்கு முன்பே கெட்டுப்போன நரம்பு பெரும்பாலும் திரும்புவதில்லை. ஒரு மார்கழியில் பெரியவர் ஒருவர் எங்கள் முகாமுக்கு வந்தார். பல வருஷங்களுக்கு முன் மருந்து சாப்பிட்டுக் குணமானவர். "கொல்லைப்பக்கமா நடந்தே வந்துட்டேன் ஐயா, காலுக்கு ஒண்ணும் இல்லை" என்று சிரித்தார். செருப்பைக் கழற்றச் சொன்னோம். கருவேல முள் ஒன்று செருப்பைத் துளைத்துப் பாதத்தில் ஏறியிருந்தது. அந்தக் காலோடு இரண்டு மைல் நடந்திருக்கிறார், அவருக்குத் தெரியவில்லை.

1914-ல் கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து இதைத்தான் உலகுக்கு எடுத்துக் காட்டினார். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால் ஏற்படும் காயமும் தீப்புண்ணுமே அவற்றை அழிக்கின்றன என்றார். வலியைத் தேவனுடைய ஈவு என்று போதித்தார். முள் தைத்தவுடன் "ஐயோ" என்று காலைத் தூக்குகிறோமே, அந்த ஒரு நொடிக்காக நாம் ஸ்தோத்திரம் சொன்னதுண்டா?

அந்தப் பெரியவர் கட்டுப் போட்டபின் ஒரு கேள்வி கேட்டார். "சப்பாணியை எழுப்பின சாமி என் காலுக்கு மட்டும் ஏன் உணர்ச்சி தரல?" அதற்கு முழுப் பதில் எங்களிடம் இல்லை. பேதுரு கைகொடுத்ததை மட்டும் நினைத்துக்கொண்டோம். புண் ஆறும்வரை படுக்கை, ஆறியபின் மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பு. எங்களால் கொடுக்க முடிந்த கை அது. பங்காளர்களே, உங்கள் காணிக்கை அந்தக் கையில் ஒரு விரல்.

5. நடக்கப் போகுமுன், வந்தபின்

இன்று சர்க்கரை நோயினால் பாத உணர்ச்சி இழந்தவர்கள் நம் சபைகளிலும் அநேகர் உண்டு. அவர்களுக்கும் இந்த மாதங்களின் நடை நல்லதே. ஆனால் சில காரியங்களைக் கவனிக்க வேண்டும்.

வெறுங்காலோடு நடக்காதீர்கள். ஆணி அடிக்காத, பின்வார் உள்ள செருப்பு நல்லது. போடுமுன் உள்ளே கைவிட்டு முள், கல் பாருங்கள். புதுச் செருப்பை முதலில் சிறிது நேரமே போடுங்கள்.

பாதத்தில் புண் இருந்தால் நடை வேண்டாம். ஓய்வுதான் மருந்து.

ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர்கள் பனி விலகி வெயில் வந்தபின் புறப்படுங்கள். இருட்டில் போனால் கையில் டார்ச் இருக்கட்டும்.

உணர்ச்சியற்ற காலை நெருப்பில் காய்ச்சாதீர்கள், வெந்நீரிலும் வைக்காதீர்கள். குளிர்காலத்துத் தீப்புண்கள் பல இப்படித்தான் வருகின்றன.

வீடு வந்ததும் இரண்டு பாதங்களையும், விரலிடுக்கையும் பாருங்கள். கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். தொழுநோயால் பாதம் வறண்டவர்கள் சாதாரண தண்ணீரில் இருபது நிமிஷம் ஊறவைத்து, ஈரத்தோடு எண்ணெய் தடவலாம். சர்க்கரை நோயாளிகள் ஊறவைக்க வேண்டாம். கழுவி, விரலிடுக்கில் ஈரமின்றித் துடைத்தால் போதும்.

சிந்திக்க

இந்த வாரம் ஒரு நாள் ஊருக்கு வெளியே நடந்து பாருங்கள். அன்று எதற்காகத் தேவனைத் துதித்தீர்கள்? உங்கள் தெருவில் நடக்கக் கூடாமல் வாசலில் உட்கார்ந்திருப்பவர் யார்? அவருக்குப் பிச்சை போட்டு நிறுத்திவிடுகிறோமா, கைகொடுக்கிறோமா?

ஜெபிக்க

பாத உணர்ச்சி இழந்தவர்களுக்காகவும், அவர்களுக்குக் கட்டுப் போடும் செவிலியருக்காகவும், செருப்பு தைக்கும் கைகளுக்காகவும் ஜெபியுங்கள். நம்மோடு நடக்கிற ஆண்டவர் உங்கள் கால்களை இடறாமல் காப்பாராக. ஆமென்.